பழைய கேம்பர் வேனில் துரு: பட்டி வைப்பதற்கு முன்

1979 முதல் தயாரான ஃபோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) உங்களிடம் இருந்தால், பக்கவாட்டுத் தகடுகள் சேரும் செங்குத்து இணைப்புகளை முதலில் பாருங்கள். அந்த இடுக்கில் நீர் புகாமல் அடைத்த பசை போன்ற சீலன்ட் நாளடைவில் இறுகி வெடித்துவிடுகிறது; மழைநீர் உள்ளே இறங்கித் தங்குகிறது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளில் கேட்கவே வேண்டாம்.

பெயின்ட் கொப்பளித்த இடத்தைத் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால், பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்து, உலோகம் பளிச்சிடும் வரை கம்பி பிரஷால் தேயுங்கள். மிச்சத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம். அதை நன்றாகக் கழுவி, முழுக்க உலரவிட வேண்டும். பிறகு எபாக்ஸி ப்ரைமர், பாலியுரித்தேன் சீலன்ட், பெயின்ட்.

முனை உள்ளே இறங்கிவிட்டதா? தயவுசெய்து பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு பரவிக்கொண்டே இருக்கும். நல்ல உலோகம் வரும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் நேர்மையான வேலை. அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எரிவாயு சிலிண்டர், மெத்தை, திரைச்சீலை, மரப்பலகை அனைத்தையும் இறக்கிவிடுங்கள். இந்த வண்டியில் எரிபொருள் டேங்க் முன்பக்க அடியில் இருக்கிறது. அங்கே வேலை என்றால் அதையும் கழற்றியே ஆக வேண்டும்.

பலர் மறப்பது உட்புறத்தை. வெல்டிங் சூட்டில் அங்கிருந்த பூச்சு எரிந்துபோயிருக்கும். பெயின்ட் வேலை முடிந்ததும் தகடுகளுக்கு இடையே உள்ள வெற்றறைகளில் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சுங்கள், வடிகால் துளைகளை மட்டும் அடைக்காமல்.