பிரான்ஸ், இத்தாலியிலிருந்து ஜேர்மனிக்கு வேலைக்குப் போகிறீர்களா? எதை முதலில் செய்வது?

பிரான்சிலும் இத்தாலியிலும் இருக்கும் நம் ஆட்கள் பலர் ஜேர்மனிக்கு மாறிப் போக யோசிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது வேலையைப் பற்றித்தான். நான் முகவரியைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். காரணம் படி 3இல் இருக்கிறது.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பிரெஞ்சு அல்லது இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தால் விசாவும் வேலை அனுமதியும் தேவையில்லை. போய் இறங்கி வேலை தேடலாம்.

வதிவிட அட்டை மட்டும் என்றால் கதை வேறு. அதை வைத்துக்கொண்டு 180 நாட்களில் 90 நாட்கள் வரை போய் நிற்கலாம். வேலை செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வதிவிட அட்டை இருந்தால் ஜேர்மனியில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் வேலை. "அட்டை இருக்குத்தானே, வந்து தொடங்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

படி 2: கிளம்பும் முன்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை தேடும் இணையத்தளமான யூரெஸில் வேலைகளைப் பாருங்கள். வேலையில்லாக் கொடுப்பனவு எடுப்பவர்கள் யூ2 படிவம் கேட்டு வாங்குங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 4 வாரம் பதிந்திருந்தால், அந்தக் காசை 3 மாதம் ஜேர்மனியிலும் பெறலாம். புறப்பட்ட 7 நாட்களுக்குள் அங்கே பதிய வேண்டும்.

படி 3: முகவரிப் பதிவு

எல்லாம் இதில்தான் தொங்குகிறது. வீட்டுக்குள் குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகரசபையில் 'அன்மெல்டுங்' செய்ய வேண்டும். கடவுச்சீட்டோடு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அண்ணன் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ தங்கினால், வாடகைக்கு இருக்கும் அவரே அந்தக் கடிதத்தைத் தரலாம். ஆனால் உண்மையில் அங்கே குடியிருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பொய் முகவரி கொடுப்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். அதற்கு 50,000 யூரோ வரை தண்டம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

பதிந்ததும் வரி எண் தபாலில் வரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அன்றைக்கே ஒரு துண்டில் பெயரை எழுதி, வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். நம் பெயர்கள் நீளமானவை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக உள்ளதையே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயரை அல்ல. வரி எண்ணை முதலாளியிடம் கொடுக்காமல் இழுத்தடித்தால் 6ஆம் வரி வகுப்பில் வரி பிடிப்பார்கள். அதில் பிடித்தம் மிக அதிகம்.

படி 4: வேலை ஒப்பந்தம்

2026 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. ரெஸ்டோரண்ட், துப்புரவு வேலை எதுவானாலும் அதற்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிநேரம் என்பது எழுத்தில் இருக்கட்டும். தகுதிகாண் காலம் 6 மாதம் வரை இருக்கலாம். அதற்குள் 2 வார அறிவித்தலில் நிறுத்த முடியும் என்பதால், பழைய நாட்டு வீட்டை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மருத்துவக் காப்புறுதியை நீங்களே தெரிவுசெய்து முதலாளியிடம் சொல்லுங்கள். அரச காப்புறுதி என்றால் கட்டணத்தில் பாதியை அவர் கட்டுவார். வருமானம் இல்லாத மனைவி, பிள்ளைகளையும் அதிலேயே இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.