எவ்வளவு ஒட்டினாலும் பிதுங்காத கைவேலை நோட்டு: வீட்டிலேயே தைப்பது எப்படி?

எம்பிராய்டரி, குரோஷே, மாடித்தோட்டம் என்று செய்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள், மறுபடி தொடங்கும்போது முதலில் செய்வது கடையில் ஒரு டைரி வாங்குவது. துணித்துண்டு, நூல் மாதிரி, காய்ந்த இலை, கடை பில் என்று நான்கைந்து ஒட்டியதும் அந்த டைரி விசிறி மாதிரி விரிந்துகொள்ளும். இன்னும் கொஞ்சம் ஒட்டினால் முதுகு பிளந்து தாள்கள் கழன்று வரும். டைரியின் தரம் இதற்குக் காரணமில்லை. அதன் முதுகுக்கும் தாள்களுக்கும் ஒரே தடிமன், நடுவில் எதையாவது வைக்க இடமே கிடையாது.

இங்கே தைக்கப்போகும் நோட்டில் முதுகுப் பக்கம் சுமார் 6 மி.மீ. தடிமனை முன்கூட்டியே கூட்டிவிடுகிறோம். ஏ5 அளவு, 96 பக்கம். மேசையில் வைத்தால் தட்டையாக விரியும்.

வேண்டியவை

80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ3 தாள் 12. முன்னும் பின்னும் ஒட்ட 120 ஜி.எஸ்.எம். ஏ3 தாள் 1. பட்டைகள் வெட்ட 200 ஜி.எஸ்.எம். ஓவியத் தாள் 2. அட்டைக்கு 2 மி.மீ. கிரே போர்டு, அதாவது சாம்பல் நிறக் கெட்டி அட்டை. முதுகுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை கனத்தில் ஏதாவது ஒன்று. 15 மி.மீ. அகலப் பருத்தி நாடா. பாவாடை நாடாவே போதும், ஆனால் தட்டையாக நெய்ததாக இருக்கட்டும், உருண்டைக் கயிறு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் துணி. மேலே போர்த்த பைண்டிங் காலிகோ துணி, 350 × 250 மி.மீ.

நூல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கெட்டியான பருத்தி நூல் அல்லது லினன் நூல்தான் சரி. செருப்பு தைக்கும் நைலான் நூல் கைக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் அது வழுக்கும், முடிச்சு நிற்காது, இழுத்தால் தாளை அறுத்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு ஒரு துண்டு வாங்கி, நூலை அதன்மேல் இரண்டு மூன்று முறை இழுங்கள். மெழுகுவர்த்தியில் இழுத்தால் தைக்கும்போது பொடியாக உதிரும்.

துளையிட மரப்பிடி போட்ட குத்தூசி. ஊக்கு வளைந்துவிடும். ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முள் பரவாயில்லை. மடிப்பைத் தேய்க்க எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கம்.

தாள் எந்தத் திசையில் மடியும்?

தாளில் நார்கள் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், பக்கம் தானாகப் படியும். குறுக்கே மடித்தால் மடிப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், பசை பட்டதும் முதுகோரம் அலையலையாகிவிடும். கையால் தைத்த நோட்டு திறந்தால் மூடுவதும் மூடினால் திறப்பதுமாக இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

தெரிந்துகொள்ளச் சுலபமான வழி உண்டு. தாளின் மூலையில் ஒரு சிறு சதுரம் வெட்டுங்கள். எந்தப் பக்கம் நீளவாக்கு என்று பென்சிலால் குறித்துவிட்டு, ஒரு முகத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். சதுரம் குழாய் போலச் சுருளும். அந்தக் குழாய் நீண்டிருக்கும் திசைதான் நார் ஓடும் திசை.

ஜெராக்ஸ் தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதனால்தான் ஏ4 வாங்கி இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே போகிறது. ஏ3 தாளை (297 × 420) நீளத்தில் சரிபாதியாக வெட்டினால் 210 × 297 அளவில் இரண்டு தாள் வரும். இவற்றில் நார் 210 பக்கத்துக்கு இணையாக இருக்கும். இப்போது 297-ஐ இரண்டாக மடித்தால் மடிப்பும் நாரும் ஒரே திசை. கட்டைப் பிரித்ததும் சதுரம் நனைத்துப் பார்த்துவிட்டே கத்தியை எடுங்கள். ஏ3 கட்டிலும் குறுக்கு நார் வருவதுண்டு.

ஃபாரம் கட்டுதல்

வெட்டினால் 24 தாள். நான்கு தாளை ஒன்றாக அடுக்கி மடித்தால் ஒரு ஃபாரம், 16 பக்கம். மொத்தம் ஆறு ஃபாரம். முன்பின் ஒட்டும் 120 ஜி.எஸ்.எம். தாளையும் இதேபோல வெட்டி மடித்துத் தனியே வையுங்கள்.

அடுத்தது பட்டை. ஓவியத் தாளில் 210 நீளம், 30 அகலத்தில் 12 பட்டை வெட்டி, நீளவாக்கில் 15 மி.மீ.க்கு மடியுங்கள். இவற்றுக்கும் நார் 210 பக்கத்துக்கு இணையாகவே ஓட வேண்டும். ஒவ்வொரு ஃபாரத்திலும் வெளித்தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் ஒன்று, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒன்று எனச் செருகுங்கள். பக்கங்களுக்கு நடுவே 15 மி.மீ. அகலத்தில் சிறு நாக்குகள் நிற்கும், நோட்டு முழுக்க 24. ஒவ்வொன்றும் கால் மி.மீ. என்றால் முதுகில் 6 மி.மீ. சேர்ந்துவிடும். துணியும் இலையும் உட்கார இந்த இடம்தான்.

ஒன்றுக்குள் ஒன்று மடித்த தாள்களில் உள்தாள் வெளியே கொஞ்சம் துருத்தும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புதுப் பிளேடு போட்ட கட்டரால் ஒவ்வொரு ஃபாரத்தையும் 145 மி.மீ. அகலத்துக்குச் சீவுங்கள். முன்பின் தாள்களையும் அதே அளவுக்குச் சீவுங்கள். எல்லாம் தைத்தபிறகு அச்சகத்தில் கொடுத்து மெஷினில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்த நோட்டின் முதுகு தடிமன், வாய் (பக்கம் புரட்டும் ஓரம்) மெல்லியது. மெஷின் அழுத்தும்போது தாள் நகர்ந்து வெட்டு சாய்வாகிவிடும்.

துளைகள்

210 மி.மீ. நீள அட்டைத் துண்டு ஒன்றில் 15, 55, 70, 140, 155, 195 மி.மீ.யில் கோடு போடுங்கள். முதலும் கடைசியும் முடிச்சுக்கு, நடுவில் உள்ள இரண்டு ஜோடியும் நாடாவுக்கு. நாடாவின் அகலம் வேறாக இருந்தால் ஜோடிகளின் இடைவெளியை அதற்கேற்ப மாற்றுங்கள்.

தடித்த புத்தகம் ஒன்றைப் பாதி விரித்து, அதன் பள்ளத்தில் ஃபாரத்தை விரித்து வைத்து, உள்ளிருந்து குத்துங்கள். ஊசி முனை மடிப்பின் முதுகில் சரியாக வெளிவர வேண்டும். ஒரு மி.மீ. தள்ளி வந்தாலும் அந்தத் துளையிலிருந்து தாள் கிழியத் தொடங்கும். எல்லா ஃபாரத்துக்கும் தலைப்பக்கம் ஒன்றே என்பதற்கு மூலையில் பென்சில் குறி வையுங்கள்.

தையல்: அவசரப்படக் கூடாத இடம்

நூல் 160 செ.மீ. நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 10 செ.மீ. நாடாக்களை மேசை விளிம்பில் செல்லோடேப்பால் செங்குத்தாக ஒட்டிவிட்டு, முதல் ஃபாரத்தின் முதுகு உங்களைப் பார்க்கும்படி விளிம்பில் வையுங்கள். வலக்கோடித் துளை 1, இடக்கோடி 6.

1-இல் வெளியிலிருந்து உள்ளே நுழையுங்கள். நூல் நுனி 10 செ.மீ. வெளியே தொங்கட்டும். 2-இல் வெளியே வந்து, நாடாவின் மேலாகப் போய், 3-இல் உள்ளே. 4-இல் வெளியே, நாடா மேலாக, 5-இல் உள்ளே. 6-இல் வெளியே. ஊசி நாடாவைக் குத்தவே கூடாது. நாடா நூலுக்கு அடியில் தாராளமாக நகர வேண்டும்.

இரண்டாவது ஃபாரத்தை மேலே வைத்து, அதன் 6-இல் நுழைந்து, வந்த வழியே 1 வரை திரும்புங்கள். அங்கே தொங்கும் நுனியோடு இறுக்கி இரட்டை முடிச்சு.

மூன்றாவது ஃபாரத்தை 1-இல் தொடங்கி 6-இல் முடிக்கும்போதுதான் சங்கிலி முடிச்சு வருகிறது. முதல் இரண்டு ஃபாரத்தையும் 6-ஆம் துளையில் இணைக்கும் சின்னத் தையல் ஒன்று முதுகில் தெரியும். ஊசியை அதன் அடியில், நடுப்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி நுழையுங்கள். நூலை முழுக்க இழுக்காமல் ஒரு கண்ணி விட்டு, அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு, மேல்நோக்கி மெல்ல இறுக்குங்கள். பிறகுதான் நான்காவது ஃபாரம். இனி ஒவ்வொரு கோடியிலும் இதே முடிச்சு, எப்போதும் ஒரு ஃபாரம் கீழே உள்ள இணைப்பில். கடைசி ஃபாரத்தில் அதே முடிச்சை இரண்டு முறை போட்டு நூலை வெட்டுங்கள்.

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இறுக்குவதில். நூல் தளர்ந்திருக்கிறது என்று துளையிலிருந்து நேராகத் தம் பக்கம் இழுப்பார்கள். தாள் சரக்கென்று கிழியும். நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். தையல் இடப்பக்கம் போகிறதா, இழுப்பும் இடப்பக்கம். ஒவ்வொரு ஃபாரமும் முடிந்ததும் உள்மடிப்பில் நூல் தொய்வில்லாமல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள், முதுகைக் கரண்டியால் கீழ்நோக்கி அழுத்துங்கள். அடுத்த ஃபாரத்தை ஏற்றியபின் முந்தையதை இறுக்க முடியாது. அதற்காக முறுக்கி இறுக்கவும் வேண்டாம்; ரொம்ப இறுகினால் முதுகின் மேல்கோடியும் கீழ்க்கோடியும் இடுங்கி, முதுகு நடுவில் வீங்கும்.

முதுகும் பசையும்

மடித்து வைத்த முன்பின் தாள்களை, மடிப்போரம் 4 மி.மீ. மட்டும் பசை தடவி முதல், கடைசி ஃபாரத்தின் மேல் ஒட்டுங்கள். முதுகைத் தட்டிச் சமமாக்கி, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மெல்லிய ஒரு பூச்சு. தடித்துப் பூசினால் காய்ந்ததும் முதுகு கட்டையாகும், நோட்டு விரியாது. ஈரத்திலேயே காஸ் துணியை, 180 மி.மீ. உயரத்தில், இருபுறமும் 30 மி.மீ. நீட்டிக்கொண்டு ஒட்டுங்கள். நாடா நுனிகளை 30 மி.மீ.க்கு வெட்டி, முன்பின் தாளில் ஒட்டிவிடுங்கள்.

அட்டைக்கு மைதா பசைதான் சிறந்தது. மெதுவாகக் காயும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். ஆறிய மைதா பசையோடு சமபங்கு வெள்ளைப் பசை கலந்தால் பிடிப்பும் கூடும்.

அட்டை

கிரே போர்டு 143 × 216 மி.மீ., இரண்டு. முதுகுப் பட்டை 216 உயரம். அகலத்துக்கு, தைத்த கட்டின் முதுகை ஸ்கேல் வைத்து அளந்து 4 மி.மீ. கூட்டுங்கள். கட்டு சுமார் 12 மி.மீ. வரும், பட்டை 16. காலிகோவின் நடுவில் முதுகுப் பட்டை, இருபுறமும் 7 மி.மீ. இடைவெளி விட்டு அட்டைகள். இந்த 7 மி.மீ.தான் கீல். குறைத்தால் அட்டை திறக்கும்போது முதல் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வரும். காலிகோவின் மூலைகளை அட்டை முனையிலிருந்து 3 மி.மீ. தள்ளிச் சாய்வாக வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து ஒட்டுங்கள்.

பழைய பருத்திச் சேலையைப் போர்த்த ஆசைப்பட்டால், முதலில் அதன் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக ஒட்டினால் பசை நெசவு வழியே மேலே கசிந்து கறையாகும்.

தைத்த தாள்கட்டை அட்டைக்குள் வைத்து மூன்று ஓரமும் சமமாக இருக்கிறதா பாருங்கள். முன்தாளின் அடியில் வேண்டாத தாள் ஒன்றைச் செருகி, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பசை தடவி, செருகிய தாளை எடுத்துவிட்டு, அட்டையை அதன்மேல் மூடுங்கள். எப்படி ஒட்டியிருக்கிறது என்று திறந்து பார்க்காதீர்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. இரண்டு அட்டைக்கு உள்ளேயும் பிளாஸ்டிக் ஷீட், இரண்டு கீல் பள்ளத்திலும் ஒரு 3 மி.மீ. பின்னல் ஊசி, மேலே பலகை, அதன்மேல் ஐந்து கிலோ. ஒரு இரவு முழுக்க இருக்கட்டும், மழைக்காலத்தில் இரண்டு இரவு. முன்னதாக எடுத்தால் அட்டை வளையும், பிறகு நிமிராது.

ஒட்டும்போது

எதை ஒட்டினாலும் முதுகோரம் 15 மி.மீ.யை விட்டுவிடுங்கள், அது நாக்குகளின் இடம். துணியை மேலோரத்தில் மட்டும் ஒட்டுங்கள். முழுக்கப் பசை தடவினால் பக்கம் சுருங்கும். செல்லோடேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், ஸ்டேப்ளர் பின் கடலோர ஊர்களில் துருப்பிடித்துக் கறை விடும். இலையை முழுக்கக் காய்ந்தபின் ஒட்டுங்கள்.

முதல் நான்கு பக்கத்தை அட்டவணைக்கு ஒதுக்கி, மற்ற பக்கங்களுக்கு எண் போடுங்கள். எம்பிராய்டரி நூலின் ஷேடு எண்ணை அன்றைக்கே எழுதுங்கள். நூலைச் சுற்றிய காகித லேபிள் போய்விட்டால் அதே பச்சையைக் கடையில் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது.

பின்சேர்க்கை

ஏ3 கிடைக்கவில்லை என்றால்: நீளவாக்கு நார் உள்ள ஏ4-ஐப் பாதியாக வெட்டி மடியுங்கள். ஏ6 அளவில் பாக்கெட் நோட்டு வரும், நார்த்திசையும் சரியாக இருக்கும். 12 மி.மீ. நாடாவுக்குத் துளைகள் 12, 36, 48, 100, 112, 136 மி.மீ.யில்.

பாதியில் நூல் அறுந்தால்: புது நூலை ஃபாரத்தின் உள்மடிப்பில் வைத்து முடியுங்கள். நாடாவின் மேலோ முதுகிலோ முடிச்சு வந்தால் அட்டை ஒட்டியபின்னும் அங்கே மேடு தெரியும்.