நாலு செங்கல் வைத்தால் ஷீட் நிற்குமா?

ஆடிக் காற்றுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் மதுரைப் பக்கம் கோடை மழைக்கு முன்னால் பத்து நிமிடம் சுழற்றி அடிக்குமே ஒரு காற்று, அதுதான் மொட்டை மாடித் தகர ஷீட் கூரைக்கு எமன். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு ஷீட் போனதும் ஒரு மே மாதச் சாயங்காலம்தான். காயப்போட்ட துணியை எடுக்க ஓடிய என் மனைவி பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள், அதற்குள் இரண்டு ஷீட் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் கிடந்தது.

நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம், ஸ்க்ரூவை நம்பாமல் மேலே செங்கல் வைத்தது. காற்று கூரையைத் தள்ளும் என்றுதான் நினைப்போம், உண்மையில் அது தூக்கும். கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்றால் அங்கே அழுத்தம் குறைந்து, ஷீட்டை மேலே உறிஞ்சுவது போல இழுக்கும். மணிக்கு 70 கி.மீ. காற்றில் இந்த இழுப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிலோ வரை போகலாம். பத்தடிக்கு மூன்றரை அடி ஷீட் என்றால் 75 கிலோ. அந்தத் தகர ஷீட்டின் எடையோ பதினைந்து கிலோ பக்கம்தான், அதன்மேல் நாலு செங்கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஷீட்டோடு சேர்ந்து பறந்து யார் தலையிலாவது விழும், அவ்வளவுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 விதி மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ.; அப்போது அதே ஷீட்டில் 300 கிலோ.

அடுத்தது, எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் ஸ்க்ரூ அடிப்பது. இழுப்பு அதிகம் இருப்பது மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டிலும், அங்கே நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். சாரல் அடிக்கிறதென்று ஷீட்டை இரண்டடி வெளியே நீட்டிவிடுவதும் ஆபத்துதான், நீட்டிய பகுதியைக் கீழிருந்தும் காற்று தூக்கும். காற்று வரும் மேற்கே திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் தடுப்பு வைத்தால் இன்னும் மோசம், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை முட்டும்.

சரி, ஷீட்டை நன்றாக முடுக்கியாயிற்று. அதைத் தாங்கும் பைப் எதில் நிற்கிறது? பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் செங்கலில் குட்டி போல்ட் போட்டு நிறுத்தினால், ஷீட் கழலாமல் பைப்போடு சேர்ந்து மொத்தமாகக் கிளம்பும். பிளேட் வைத்து கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். எங்களுக்கு வேலை செய்த வெல்டர் "குட்டி போல்டே போதும்ணே" என்றார், நானும் மண்டையை ஆட்டினேன்.

அழகர்கோவில் ரோட்டுப் பண்ணை வீடுகளிலும் கொடைக்கானலிலும் இப்போது ஷிங்கிள்ஸ், அதாவது வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிய ஆணி அடிக்கும் தார்க் கூரைத் துண்டுகள், போடுகிறார்கள். அதில் கதையே வேறு. காற்றைத் தாங்குவது ஆணி மட்டுமல்ல, ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் இருக்கும் தார்ப் பசைப் பட்டையும்தான், வெயிலில் இளகி அது ஒட்டிக்கொள்ள வேண்டும். புழுதிக் காற்றில் போட்டால் பசையில் தூசி படிந்து ஒட்டாது, மலைக் குளிரிலும் ஒட்ட நாளாகும். பிராண்ட் அட்டையில் மணிக்கு 200 கி.மீ. காற்றைத் தாங்கும் என்று போட்டிருந்தாலும் அது சரியாக ஆணி அடித்து ஒட்டிய ஷிங்கிளுக்குத்தான். காற்று அதிகமுள்ள இடத்தில் ஒரு ஷிங்கிளுக்கு நாலு ஆணிக்குப் பதில் ஆறு ஆணி, அதுவும் குறித்த கோட்டில்; அழுத்தி அடித்து ஆணித் தலை ஷிங்கிளைக் கிழித்துவிட்டால் அது அடிக்காத ஆணிதான்.

பழைய ஷீட் கூரையில் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் வாஷரையும் பாருங்கள், நம்ம ஊர் வெயிலில் ரப்பர் வெடித்துத் துரு ஏறியிருக்கும். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் சரிபார்க்க மேலே ஏறாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மூடி வாங்கிக் கொடுத்தது தனிச் செலவு.