ஆட்டோகிராஸ்: கிளாஸ் மாறினாலும் நேரத்தை ஒப்பிட பாக்ஸ் கணக்கு

கோன்களால் குறித்த பாதையில் ஒவ்வொரு காராக ஓடி நேரத்தை அளக்கும் போட்டிதான் ஆட்டோகிராஸ். இதில் சாதாரண ஹாட்ச்பேக்கும் ரேஸ் டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே கோன் பாதையில்தான் ஓடுகின்றன. யார் நன்றாக ஓட்டினார் என்று பார்க்க, ஒவ்வொரு கிளாஸுக்கும் (கார்களைப் பிரிக்கும் பிரிவு) ஓர் எண் உண்டு. அமெரிக்காவில் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பின் சோலோ, அதாவது ஆட்டோகிராஸ், விதிப்படி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ரிக் ரூத் ஆண்டுதோறும் வெளியிடும் பாக்ஸ் (PAX) இண்டெக்ஸ். வேகமான கிளாஸின் எண் 1.000-ஐ ஒட்டி இருக்கும். கிளாஸின் வேகம் குறையக் குறைய எண்ணும் குறையும்.

கணக்கு எளிது: ஓடிய நேரம் × இண்டெக்ஸ் = பாக்ஸ் நேரம். இங்கே 0.800, 0.850 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணை அந்த ஆண்டின் பட்டியலில்தான் எடுக்க வேண்டும். ஹாட்ச்பேக் 52.400 × 0.800 = 41.920. ஸ்போர்ட்ஸ் கார் 49.100 × 0.850 = 41.735. ஸ்போர்ட்ஸ் கார் 0.185 வினாடி முன்னால்.

அடுத்த ரன்னில் ஹாட்ச்பேக் 0.185 குறைத்தால் போதும் என்று நினைப்பது தப்பு. இலக்கு நேரத்தைப் பிடிக்க எதிராளியின் பாக்ஸ் நேரத்தை உங்கள் இண்டெக்ஸால் வகுக்க வேண்டும்: 41.735 ÷ 0.800 = 52.168 சொச்சம். ஆக 0.232 வினாடி குறைக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கோன் தண்டனையில். கோன் சாய்ந்தாலோ, அதைச் சுற்றி வரைந்த கட்டத்தை விட்டு முழுக்க வெளியே போனாலோ 2 வினாடி. அதை முதலில் ஓடிய நேரத்தோடு கூட்டி, பிறகு பெருக்க வேண்டும்: 54.400 × 0.800 = 43.520. பெருக்கிவிட்டு 2 கூட்டினால் 43.920 வரும். 0.400 வினாடி அநியாயமாகப் போகும்; மேலே பார்த்த போட்டியின் இடைவெளியைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். கேட்டை (கோன்களுக்கு இடையே கடக்க வேண்டிய வழி) தவறவிட்ட ரன்னுக்குக் கணக்கே கிடையாது.

இனி இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பெரிய போட்டிகளில், தேர்ந்த ஓட்டுநர்கள் கிளாஸின் சிறந்த கார்களில் எடுத்த நேரங்களே அடிப்படை. உங்கள் கார் அந்தக் கிளாஸின் முன்னணி மாடல் இல்லை என்றாலோ, விதி அனுமதிக்கும் டயர், டாம்பர் (ஷாக் அப்சார்பர்) எதையும் மாற்றவில்லை என்றாலோ, இண்டெக்ஸ் உங்களுக்குக் கறாராகத்தான் இருக்கும்.

பாதையும் முடிவைப் புரட்டும். நெருக்கமான ஸ்லாலம் (கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் பகுதி) நிறைந்த பாதையில் சின்ன, லேசான கார்களுக்கு யோகம்; நீளமான திறந்த பகுதிகளில் குதிரைத்திறனுக்கு. மழைதான் மோசம். காய்ந்த தரையில் ஹாட்ச்பேக்கின் 52.400-ஐச் சமன் செய்ய ஸ்போர்ட்ஸ் கார் 3.08 வினாடி முந்தினால் போதும். ஈரத்தில் ஹாட்ச்பேக் 60 வினாடி எடுத்தால், 3.53 வினாடி முந்த வேண்டும். தேவை கூடுகிறது, ஆனால் ஈரத்தில் டயர் வழுக்குவதால் பவரைத் தரையில் இறக்க முடியாமல், உண்மையான முன்னிலை சுருங்குகிறது. காலையில் ஈரம், மதியம் காய்ந்த தரை என்றால் அன்றைய பாக்ஸ் பட்டியலைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

உங்கள் முன்னேற்றத்தை அளக்க, அன்றைய முதலிட பாக்ஸ் நேரத்தை உங்களுடையதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஒரே நாள் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், ஒரு சீசன் முழுக்கக் குறித்து வாருங்கள். யார் முதலிடம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வழக்கமான வல்லவர் வராத நாளில் உங்கள் சதவீதம் தானாகவே ஏறியிருக்கும்.