குற்றச் செய்தி பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு செயின் பறிப்பு நடக்கிறது. சிசிடிவியில் பதிவானது பத்துப் பன்னிரண்டு விநாடிதான். மதியம் பிரேக்கிங் நியூஸ் என்று அதைப் போட்டு, ஆளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, வேகத்தைக் குறைத்து, பின்னணியில் திகில் இசையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். சாயங்காலம் அதே காட்சி, ராத்திரி விவாதத்தில் பேசுகிறவர்களுக்குப் பக்கத்துக் கட்டத்தில் மறுபடி அதே காட்சி, அப்புறம் வாட்ஸ்அப் குரூப்களிலும் அதேதான். நடந்தது ஒரே ஒரு குற்றம், ஆனால் படுக்கப் போகும்போது "எங்கே பார்த்தாலும் இதுதான் நடக்குது" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தோம் என்பதை எத்தனை தடவை நடந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சட்டென்று ஞாபகத்துக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே எழுதிவிட்டார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் கணக்குப்படி 1993-க்கும் 2022-க்கும் இடையில் அங்கே வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்தக் காலம் முழுக்க கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், பெரும்பாலான தடவை, போன வருஷத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றுதான் பெரும்பான்மையினர் சொன்னார்கள். உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. சொந்தத் தெருவைக் கண்ணால் பார்க்கிறோம், நாட்டைத் திரையில்தானே பார்க்கிறோம்.

"கொலைகள் இரு மடங்கு" என்று தலைப்பு வந்தால், எத்தனையிலிருந்து எத்தனை என்று கேளுங்கள். இரண்டு நான்கானாலும் இரு மடங்குதான். இன்னொன்று, பதிவான வழக்கு கூடியது என்றால் குற்றம் கூடியது என்று எப்போதும் அர்த்தமில்லை. முன்பு வெளியே சொல்லப் பயந்தவர்கள் இப்போது துணிந்து புகார் கொடுப்பதாலும் எண்ணிக்கை ஏறும். அது நல்ல செய்திகூட.

பழி முழுவதையும் டிவி மேல் போடுவதும் தவறுதான். அதிகமாக டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் கொடூரமானதாகத் தெரிகிறது என்று சொல்லிப் புகழ்பெற்றவர் ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர். ஆனால் 1979-இல் கனடாவின் டொராண்டோவில் டூப், மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தந்தப் பகுதியில் நிஜமாகவே நடக்கும் குற்றத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, டிவிக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. குற்றம் அதிகமான பகுதியில் இருப்பவர் பயப்படுவதற்குக் காரணம் அவர் வாசலிலேயே இருக்கலாம். அவரிடம் போய் "டிவி பார்த்துக் கெட்டுப்போயிட்டீங்க" என்று சொல்வது அநியாயம்.

எனக்கு ரொம்ப வேதனை தருவது வேறு. இந்தச் செய்திகள் நம்மைத் தப்பான பக்கம் பார்க்க வைக்கின்றன. இருட்டில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள்தான் திரையில் வரும் குற்றவாளி. ஆனால் ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023-இல் உலகம் முழுக்கக் கொலை செய்யப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர், அவர்களில் ஏறக்குறைய 51,100 பேரைக் கொன்றது கணவன், காதலன் அல்லது குடும்பத்து ஆள். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையிலும் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மகளை ஆறு மணிக்குமேல் வெளியே விடாமல் பூட்டி வைக்கிற வீட்டில், அவள் ஒரு உறவினரைக் கண்டாலே ஒதுங்கிப் போவதை யாரும் கவனிக்காமல் இருந்தால் அந்தப் பூட்டு எதைக் காப்பாற்றுகிறது? "அந்நியரிடம் பேசாதே" என்பதோடு, "யார் தொட்டு உனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் என்னிடம் சொல், நான் நம்புவேன்" என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் பயந்தால் கிண்டல் செய்யாதீர்கள். பயத்தால் மாலை நடையை நிறுத்தினால் உடம்பும் கெடும், பேச்சுத்துணையும் போகும். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் கொடுங்கள், தாழ்ப்பாள் ஆடுகிறது என்றால் மாற்றுங்கள், முதல் சில நாள் நீங்களும் கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.