குறைந்த பட்ஜெட்டில் முதல் ரோட் பைக்: எதைப் பார்த்து வாங்குவது?

ரோட் பைக் என்றால் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான, வளைந்த ஹேண்டில்பார் உள்ள சைக்கிள். முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். கையில் இருக்கும் தொகை முழுவதையும் சைக்கிளில் போட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், அழுத்தமானி உள்ள பம்ப், இரண்டு உதிரி டியூப், டயர் கழற்றும் லீவர், முன்னும் பின்னும் விளக்கு, நல்ல பூட்டு, பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் வர வேண்டும். சில ரோட் பைக்குகள் பெடல்கூட இல்லாமல்தான் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் பஞ்சரிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

சரி, வண்டி. எந்தக் கம்பெனி, கார்பனா அலுமினியமா, எத்தனை கியர் என்று எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அளவு சரியில்லாத வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனென்றால் கழுத்து வலியும் கை மரத்துப் போவதும் சேர்ந்து ஒரே மாதத்தில் அதைச் சுவரோரம் சாய்த்து வைக்க வைத்துவிடும். உயரத்தை மட்டும் வைத்து அளவு சொன்னால் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். அதோடு ஒரு கம்பெனியின் 54 என்ற ஃபிரேம் அளவு இன்னொரு கம்பெனியில் 56 மாதிரி இருக்கும். அதனால் வண்டியின் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். ஸ்டாக் என்பது பெடல் சுழலும் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்பக்கம் எவ்வளவு உயரம், ரீச் என்பது எவ்வளவு தூரம் முன்னால். இந்த இரண்டையும் வைத்து எந்த இரண்டு வண்டியையும் ஒப்பிடலாம்.

வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காருவதுபோல் அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுதான் உங்கள் கால் அளவு. அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம்வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான், அப்புறம் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கடையில் சீட்டை இந்த உயரத்துக்கு வைத்து, பிரேக் லீவரின் ரப்பர் பிடியில் கை வைத்து ஓட்டிப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சின்னதே நல்லது, சீட்டை உயர்த்தலாம், ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டை, மாற்றலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியே இல்லை.

ரோட் பைக்கிலேயே பந்தயத்துக்கு என்று தாழக் குனிந்து ஓட்டும் வகை ஒன்று, எண்டூரன்ஸ் என்று ஹேண்டில்பார் கொஞ்சம் உயர்ந்த வகை ஒன்று. முதல் வண்டிக்கு இரண்டாவதுதான்.

ஃபிரேமுக்கு அலுமினியம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கார்பன். இந்தச் சேர்க்கை கிடைத்தால் வாங்கிவிடலாம். நல்ல ஸ்டீல் ஃபிரேமும் மோசமில்லை, கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான். எடையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: நீங்கள் 70 கிலோ, வண்டி 10 கிலோ, ஆக 80. வண்டியில் 1 கிலோ குறைத்தால் மொத்தத்தில் குறைவது ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். செங்குத்தான ஏற்றத்தில்கூட நேரம் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் மிச்சமாகும். அந்த ஒரு கிலோவுக்காகப் பட்ஜெட்டைத் தாண்டாதீர்கள்.

கியரில் ஷிமானோ கம்பெனியின் வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். கிளாரிஸில் பின்னால் 8 பல்சக்கரம், சோராவில் 9, தியாக்ராவில் 10, அதற்கு மேலே '105' என்ற பெயருள்ள வரிசை. புதிய வண்டிகளில் க்யூஸ் என்ற வரிசையும் வரத் தொடங்கியிருக்கிறது. கிளாரிஸே தாராளமாகப் போதும், உதிரி பாகமும் மலிவு. எண்ணிக்கையைவிட முக்கியம் மிகச் சுலபமான கியர் எது என்பது. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 அல்லது 34 பல் இருந்தால் ஏற்றத்தில் பிழைத்துக்கொள்வீர்கள். 34-க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்று, பின்சக்கரமும் ஒரு சுற்று. பழைய பந்தய வண்டிகளில் 39-க்கு 25 என்று இருக்கும், அதில் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கும் மேலே போகும். முழங்கால் அதைச் சொல்லிக்காட்டும்.

மிக மலிவான புது வண்டிகளில் ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும்: பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுதி, செருகி மாட்டும் கேசட்டா, திருகி மாட்டும் ஃப்ரீவீலா? 7 கியர் வண்டி என்றால் அநேகமாக ஃப்ரீவீல்தான். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனைக்கு ஆதாரம் குறைவு, வளைந்து உடைகிற வாய்ப்பு அதிகம். வளைந்த ஹேண்டில்பார் இருந்தும் கியர் மாற்றும் லீவர் பிரேக்கோடு சேராமல் ஸ்டெம்மில் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் கையை எடுக்க வேண்டிவரும்.

டயர் 28 மி.மீ. போட இடம் இருக்க வேண்டும், 32 போனால் இன்னும் நல்லது. பிரேக்கில் டிஸ்க்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். மழையில் டிஸ்க் நிச்சயம் மேல், ஆனால் மட்டமான கேபிள் டிஸ்க்கைவிட, சக்கர விளிம்பைக் கட்டையால் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக் நன்றாகவே நிறுத்தும். எல்லாரும் டிஸ்க்குக்குப் போய்விட்டதால் பழைய வண்டிச் சந்தையில் நல்ல ரிம் பிரேக் வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன.

அந்தப் பழைய வண்டிதான் குறைந்த பட்ஜெட்டில் உண்மையான லாபம், பார்க்கத் தெரிந்தால். ஓர் அடி ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள். செயினில் ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் அதிலிருந்து 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒன்றரை மி.மீ. தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், 3 மி.மீ. தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், அதை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக் டக்' என்றால் ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்தை விரலால் தடவுங்கள், குழிந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடியப் போகிறது. முன்பக்கக் குழாய்கள் சேரும் இடத்தின் கீழ்ப்புறத்தில் பெயின்ட் சுருங்கியோ கீறியோ இருந்தால் எதிலோ மோதிய வண்டி, பேசாமல் வந்துவிடுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டைக் கட்டாயம் கழற்றிப் பார்க்கவும், வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் உங்கள் உயரத்துக்கு மாற்றவே முடியாது.

பழைய கார்பன் ஃபிரேம் மட்டும் முதல் வண்டியாக வேண்டாம், உள்காயம் வெளியே தெரியாது. பில் இருக்கிறதா, ஃபிரேமின் அடியில் இருக்கும் எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருட்டு வண்டி உங்கள் கைக்கு வரக்கூடாது.

புதிதுதான் வேண்டும் என்றால் போன வருட மாடலைக் கேளுங்கள், நிறம்தான் மாறியிருக்கும் பல சமயம். இப்போது மலிவாக வாங்கிப் பிறகு கியர் செட்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் மட்டும் வேண்டாம். தனித்தனியாக வாங்கும்போது ஒரு படி மேலான வண்டியின் விலையைத் தாண்டிவிடும். மாற்றிப் பலன் தெரிவது டயரில்தான்.

வாங்கிய முதல் சில வாரங்களில் கேபிள்கள் படிந்து கியர் தாவும், அது பழுதில்லை. கடையில் ஒருமுறை சரிசெய்து, போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாமல், இரண்டு மூன்று சவாரி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள்.