பவானி ஆத்துக்குக் குளிக்கப் போறவங்க பண்ற தப்புங்க

லீவு விட்டா போதும், கோயம்புத்தூர் திருப்பூர்ல இருந்து வண்டி வண்டியா மேட்டுப்பாளையம் வந்து பவானில இறங்கிடறாங்க. நீச்சல் தெரியாம ஆழத்துக்குப் போகாதீங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாம உயிர விடற விஷயம் வேற இருக்கு.

வானத்தப் பாத்துட்டு ஆத்துல இறங்குறது

இத நெனச்சாலே எனக்கு இன்னும் கோவம் வருது. போன சம்மர்ல காலேஜ் பசங்க கொஞ்சப் பேரு நடு ஆத்துப் பாறைல பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சு வச்சு உக்காந்திருக்காங்க. கரையேறுங்க தம்பின்னு கத்துனா, "ஏனுங்ணா, வெயிலு இந்தப் போடு போடுது, தண்ணி எங்கிருந்துங்ணா வரும்?"னு ஒருத்தன் கேக்குறான்.

மேட்டுப்பாளையத்துல மழ பெஞ்சுதான் தண்ணி வரணும்னு இல்லைங்க. பவானி நீலகிரில பொறந்து, கேரளாவுக்குள்ள அட்டப்பாடி பக்கம் போயி, சிறுவாணியயும் சேத்துக்கிட்டு, மறுபடி கிழக்கால திரும்பி நம்ம பக்கம் வருது. ஜூன் ஜூலைல அங்க தென்மேற்குப் பருவமழ கொட்டும், மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறும் காத்துதான், நம்ம மழைன்னா பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைலதான்.

இது போக, மேட்டுப்பாளையத்துக்கு மேல பவானிக்குக் குறுக்க பில்லூர் டேம் வேற இருக்கு. 100 அடி டேம், 97 அடியத் தொட்டாலே ஷட்டரத் தூக்கிடுவாங்க. மழையே இல்லாத மாசத்துலயும் கரண்டு தேவை ஏறுனா டர்பைன ஓட்டுவாங்க, அந்தத் தண்ணி அப்படியே ஆத்துக்கு வரும், முழங்காலளவு இருந்த எடம் பேசிட்டு இருக்கறப்பவே இடுப்புக்கு வந்துடும். ஒரு கனஅடின்னா செகண்டுக்கு 28 லிட்டர் சொச்சம், அப்ப 6,000 கனஅடின்னு நியூஸ்ல வந்தா செகண்டுக்கு கிட்டத்தட்ட 1,70,000 லிட்டர். ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா நம்மளத் தள்ளுற விசை நாலு மடங்காயிடும், அங்க நீச்சலெல்லாம் எடுபடாது.

மலை வெள்ளம்னா செம்மண் கலர்ல கலங்கி, குப்ப செத்தையோட வரும், பாத்தே ஓடிடலாம். டேம் தண்ணி கலங்காமயே ஏறும். அதனால தண்ணி ஓரத்துல ஒரு கல்ல வச்சிட்டு அத அடிக்கடி பாருங்க, கல்லு முங்குனா துணிமணியக்கூடத் தேடாதீங்க, கரையேறுங்க.

இன்னொண்ணு, பாறைக்கும் கரைக்கும் நடுவுல இருக்குற பள்ளம்தான் மொதல்ல நெறையும். நீங்க உக்காந்திருக்குற பாறை காஞ்சேதான் இருக்கும், திரும்பிப் பாத்தா வந்த வழி இருக்காது. அன்னிக்கு அந்தப் பசங்க என் பேச்சக் கேக்கல, துணி தொவச்சிட்டிருந்த அக்கா ஒருத்தங்க போட்ட சத்தத்துலதான் எந்திரிச்சு வந்தாங்க. அவங்க நடந்து வந்த அதே எடத்துல கொஞ்ச நேரத்துல மாரளவு தண்ணி ஓடுச்சு.

முங்குறவனப் பாத்து உடனே குதிக்கிறது

அவன் உங்க கழுத்தத்தான் புடிப்பான், ரெண்டு பேரும் போயிடுவீங்க. கயிறு, வேட்டி, மூடி போட்ட காலி கேன், எது கைல கெடைக்குதோ அத வீசுங்க. நீங்களே ஓட்டத்துல மாட்டுனா மல்லாக்கப் படுத்து, கால முன்னாடி நீட்டி, தண்ணி போற போக்குலயே சாய்வா கரைக்கு ஒதுங்கப் பாருங்க, எதிர்த்து அடிக்காதீங்க.

சரக்கடிச்சிட்டு இறங்குறது

வேண்டாம்.

கொடிவேரில மூடியிருந்தா சண்ட போடறது

கோபி பக்கம் பவானில கட்டுன தடுப்பணைதான் கொடிவேரி. அங்க குளிக்க விடலைன்னா பெரும்பாலும் தண்ணி வரத்து கூடியிருக்குன்னு அர்த்தம். தடுப்பணைல பாசி வேற வழுக்கும். வறுத்த மீன வாங்கிச் சாப்ட்டுட்டு வண்டியத் திருப்புங்க.

பரிசல்ல லைஃப் ஜாக்கெட்டச் சும்மா மாட்டிக்கிறது

பரளிக்காட்டுல வனத்துறையே பரிசல் ஓட்டுறாங்க, முன்னாடியே புக் பண்ணிட்டுப் போங்க, பில்லூர் தேக்கத்துல அது அருமையான சவாரி. ஆனா போட்டோ நல்லா வரணும்னு ஜாக்கெட் பக்கிளக் கழட்டி விட்டுக்கறாங்க. கவுந்தா ஜாக்கெட் தனியா மிதக்கும், ஆளு தனியாப் போவாரு. ஏறுறதுக்கு முன்னாடியே பக்கிளப் போட்டு இழுத்துப் பாத்துக்கோங்க.